நாகப்பட்டினம் சூடாமணி விகாரம்: யார் கட்டியது, எவ்வளவு காலம் இருந்தது, யார் இடித்தது?

கேள்வி இதுதான்: பொன்னியின் செல்வனில் அருள்மொழி காய்ச்சலோடு படுத்திருந்த நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம், அதாவது பிக்குகள் தங்கிய பௌத்த மடம், நிஜமாகவே இருந்ததா? இருந்தது என்றால் இப்போது ஏன் ஒரு சுவர்கூட இல்லை? இடித்தது சைவர்களா, வைணவர்களா, வெள்ளைக்காரர்களா?

இருந்தது. செப்பேட்டில் எழுதி முத்திரை போட்ட சாட்சியோடு இருந்தது. கதை நடக்கும் காலத்துக்குச் சுமார் 35 ஆண்டு கழித்துத்தான் அந்தப் பெயரில் கட்டடம் எழுந்தது, ஆனால் அதற்கு முன்பே அந்த ஊரில் பௌத்தப் பள்ளி (விகாரத்துக்குத் தமிழில் பள்ளி என்றுதான் பெயர்) இருந்ததால் நாவலை இந்த விஷயத்தில் ரொம்பக் குறை சொல்ல முடியாது. யார் இடித்தது என்பதற்குச் சட்டென்று பதில் வேண்டும் என்றால், 1867-ல் சென்னை அரசாங்கம் அனுமதி கொடுத்தது, சேசு சபை (ஜெசூட்) பாதிரிமார்கள் இடித்தார்கள். ஆனால் அன்று விழுந்தது ஒரு பழைய செங்கல் கோபுரம் மட்டும். பிக்குகளும் விளக்கும் திருவிழாவும் இருந்த விகாரம் அதற்கு வெகுகாலம் முன்பே ஓய்ந்துவிட்டது, அதை யாரும் ஒரே நாளில் உடைத்ததற்குச் சான்று கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் யார் மேல் பழி போடலாம் என்ற சண்டை ஓயாமல் நடக்கிறது.

சோழர்களுக்கு முன்னால் இருந்து ஆரம்பிக்கிறேன். பாலி மொழியில் பல உரைகள் எழுதிய தம்மபாலர் என்ற பிக்கு, நெத்திப்பகரணம் என்ற நூலுக்கு எழுதிய உரையின் முடிவில், இதை நாகப்பட்டினத்தில் தம்மாசோக மகாராசா விகாரத்தில் தங்கியிருந்து எழுதினேன் என்று குறிப்பிடுகிறார். ராஜராஜன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆள் இவர். அடுத்து, கி.பி. 720-ல் பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன், அதாவது நமக்கு ராஜசிம்மன், சீனப் பேரரசருக்காகத் தன் நாட்டில் ஒரு கோயில் கட்டி அதற்குப் பெயர் சூட்டித் தரும்படி கேட்டதாகச் சீன அரச வரலாறு சொல்கிறது. அதில் ஊர்ப் பெயர் இல்லை. நாகப்பட்டினமாக இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள், துறைமுகத்தை வைத்துப் பார்த்தால் எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. வைணவ குருபரம்பரைக் கதையில் திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கொண்டுபோய் உருக்கித் திருவரங்கத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று வருகிறது அல்லவா, அதை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நாகப்பட்டினத்துப் பள்ளியில் செல்வம் கொட்டிக் கிடக்கிறது என்று வைணவர்களிடையே பேர் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. அதே கதையை வைத்து, பௌத்தம் அன்றோடு தீர்ந்தது என்று சொல்பவர்கள் அதற்குப் பின்னால் அங்கே நடந்த எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள்.

சரி, சூடாமணி விகாரத்துக்கு வருவோம். கட்டியவர் தமிழர் கிடையாது. கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் சூளாமணிவர்மன். ஸ்ரீவிஜயம் என்று நாம் படிக்கும் சுமத்திரா, மலேயா பகுதிப் பேரரசின் சைலேந்திர குலத்து மன்னன். வேலை நடக்கும்போதே அவர் காலமாகிவிட, மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அப்பா பேரிலேயே கட்டி முடித்தார். ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், 1005-06 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை அந்த விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் தானமாகக் கொடுத்தான். அப்பா வாய்மொழியாகப் பிறப்பித்த அந்த ஆணையை மகன் ராஜேந்திரன் பின்னாளில் செப்பேட்டில் வெட்டி நிலைநிறுத்தினான். அதைத்தான் பெரிய லைடன் செப்பேடு என்கிறோம், சிலர் ஆனைமங்கலச் செப்பேடு என்பார்கள். மொத்தம் 21 ஏடுகள். 5 ஏட்டில் சமஸ்கிருதம், 16 ஏட்டில் தமிழ். எல்லாம் ஒரு பெரிய வளையத்தில் கோத்து, சோழ முத்திரையோடு, ஏறக்குறைய 30 கிலோ எடை.

இதில் சமஸ்கிருதப் பகுதி புகழ்மொழி. விகாரம் மேருமலையையே சிறுமைப்படுத்தும் உயரம் என்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. விஷயம் முழுவதும் தமிழ்ப் பகுதியில் இருக்கிறது. கொடுத்த நிலம் 97 வேலிக்குக் கொஞ்சம் மேல், அதிலிருந்து விகாரத்துக்குப் போக வேண்டிய நெல் 8,943 கலத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கொஞ்சத்தையும் விடவில்லை, மாக்காணி வரைக்கும் நிலத்தை அளந்து, தூணி, குறுணி, நாழி வரைக்கும் நெல்லைக் கணக்குப் பண்ணி எழுதியிருக்கிறார்கள். இன்றைய தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு வேலி 6.67 ஏக்கர் என்று வைத்தால் அது ஏறத்தாழ 650 ஏக்கர் நன்செய். ஒரு பெண் யானையை விட்டு எல்லை நெடுக நடத்தி, சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்கள் கூடவே நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறித்தார்கள். வாய்க்கால் எங்கே போகிறது, யார் வயலுக்கு மேற்கே யார் வயல் என்று வரிவரியாக வருகிறது. இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்த காரணம் எளிது. நாளைக்கு யாராவது வந்து இந்த நிலம் என்னுடையது, இந்தத் தண்ணீர் உனக்குக் கிடையாது என்று சொல்லக்கூடாது. சிவன் கோயிலுக்கு விடும் நிலமான தேவதானத்துக்கு என்ன நடைமுறையோ அதே நடைமுறைதான் புத்தர் பள்ளிக்கும், ஒரு படிகூடக் குறைவில்லை. சோழர் காலத்து மத நிலவரத்தைப் பற்றிப் பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள் ஒரு தடவையாவது இந்தத் தமிழ்ப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கடல் தாண்டி இருக்கும் ஒரு ராஜா ஏன் இங்கே வந்து செலவு செய்தார் என்று அடுத்த கேள்வி வரும். பக்தி இருந்தது, அதோடு வியாபாரமும் இருந்தது. ஸ்ரீவிஜயம் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவில், மலாக்கா நீரிணையைக் கையில் வைத்திருந்த நாடு. இதே சூளாமணிவர்மன் 1003-ல் சீனத்துக்குத் தூது அனுப்பி, உங்கள் பேரரசர் நீடூழி வாழ எங்கள் நாட்டில் ஒரு புத்தர் கோயில் கட்டியிருக்கிறோம், அதற்குப் பெயரும் மணியும் தாருங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால் அதே சைலேந்திர வழியில் வந்த பாலபுத்திரதேவர் நாலந்தாவில் ஒரு விகாரம் கட்டி, வங்கத்துப் பால மன்னன் தேவபாலனிடம் 5 கிராமங்களைத் தானமாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். எந்தத் துறைமுகத்தில், எந்த நாட்டில் தங்கள் ஆட்கள் அதிகம் போய் வருகிறார்களோ அங்கே ஒரு விகாரம் எழுப்புவது அவர்கள் வழக்கம். கப்பலில் வருகிற வியாபாரிக்கும் யாத்திரை போகிற பிக்குவுக்கும் தங்க இடம், கும்பிட இடம், உள்ளூர் அரசனோடு உறவு, எல்லாம் ஒரே கட்டடத்தில் நடந்துவிடும். கடாரத்தார் தங்கள் விகாரத்துக்கு மட்டும் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினம் காயாரோகணசாமி கோயில் கல்வெட்டுகளில் கடாரத்து அரசனின் ஆட்கள் வெள்ளித் திருமேனியும் நகையும் சீனக்கனகமும் (சீனப் பொன்) கொடுத்த கணக்கு இருக்கிறது. அந்தச் சிவன் கோயில் இன்றும் நீலாயதாட்சி அம்மன் கோயில் என்ற பெயரில் ஊர் நடுவில் இருக்கிறது.

அப்புறம் 1025 வாக்கில் ராஜேந்திரன் அதே கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பினான். கட்டியவன் நாட்டையே அடித்த பிறகு விகாரம் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகவில்லை. 1090-ல், முதலாம் குலோத்துங்கனின் 20-ஆம் ஆண்டில், கடாரத்துத் தூதர்கள் இரண்டு பேர், ராஜவித்யாதர ஸ்ரீசாமந்தன், அபிமானோத்துங்க ஸ்ரீசாமந்தன் என்று பெயர், ஆயிரத்தளி அரண்மனைக்கு வந்து எங்கள் பள்ளிக்கு உரிய ஊர்களின் வரிவிலக்கைச் செப்பேட்டில் எழுதித் தர வேண்டும் என்று கேட்கிறார்கள், எழுதிக் கொடுக்கப்படுகிறது. 3 ஏடு கொண்ட சின்ன லைடன் செப்பேடு அதுதான். அதில் ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி என்று இரண்டு பள்ளிகள் சொல்லப்படுகின்றன. கடாரத்தை அடித்தவன் பேரிலேயே, கடாரத்தார் விகாரம் கட்டிய நாகப்பட்டினத்தில் ஒரு புத்தர் பள்ளி. போர் வேறு, தானம் வேறு என்று இரண்டு பக்கமும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

உள்ளே வழிபாடு எப்படி நடந்தது என்பதைச் செப்பேடுகள் சொல்லவில்லை, சிலைகள் சொல்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1856-ல் தொடங்கி 1930-கள் வரைக்கும் நாகப்பட்டினம் வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு பக்கங்களில் தோண்டும்போதெல்லாம் புத்தர் படிமங்கள் வந்துகொண்டே இருந்தன, மொத்தம் 350 அளவுக்கு. பெரும்பாலானவை கைக்குள் அடங்குகிற அளவு, நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து வைத்த காணிக்கைச் சிலைகள். தலையில் முடிச்சுக்கு மேல் தீச்சுடர் போல ஒரு கொழுந்து இருக்கும், அதைப் பார்த்தாலே நாகப்பட்டினத்து வேலை என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். சில சிலைகளில் எழுத்தும் உண்டு. இப்போது நியூயார்க் ஆசியா சொசைட்டியில் இருக்கும் ஒரு அமர்ந்த புத்தரின் பீடத்தில், இது ராஜேந்திரசோழப் பெரும்பள்ளியைச் சேர்ந்த அக்கசாலைப் பெரும்பள்ளியின் ஆழ்வார் கோயிலுக்குத் திருவிழாவில் எழுந்தருளும் ஆழ்வார் என்றும், எழுந்தருளுவித்தவர் சிறுதவூர் நாலாங்குணாகர உடையார் என்றும் தமிழில் வெட்டியிருக்கிறது. நிதானமாக யோசித்துப் பாருங்கள். புத்தரை ஆழ்வார் என்கிறார்கள். மூலவர் தனி, உற்சவர் தனி. திருவிழா நடக்கிறது, உற்சவர் புறப்பாடு உண்டு. அக்கசாலை என்றால் பொன் வேலை செய்கிற இடம், ஆகவே அது பொற்கொல்லர்கள் ஆதரித்த பள்ளி. இங்கே கடாரத்து ராஜாவும் இல்லை, சீனத்து வணிகரும் இல்லை, சிறுதவூர் ஆள் ஒருவர் செலவு பண்ணிச் சிலை செய்து வைத்திருக்கிறார். விகாரம் வெளிநாட்டார் வந்து போகிற சத்திரம் மாதிரி இருந்தது, உள்ளூர்க்காரர்களுக்கு அதில் பங்கில்லை என்று எழுதுகிறவர்களுக்கு இந்தப் பீடம் ஒன்றே பதில்.

சோழர் ஆட்சி தளர்ந்த பிறகும் கதை ஓடுகிறது. வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 1349-ல் எழுதிய குறிப்பில், சமவெளியில் மண்ணும் செங்கல்லும் கொண்ட உயரமான கோபுரம் ஒன்று இருக்கிறது, அதில் சீன எழுத்தில் 'சியான்சுன் 3-ஆம் ஆண்டு 8-ஆம் மாதம் வேலை முடிந்தது' என்று வெட்டியிருக்கிறது என்கிறார். சியான்சுன் என்பது ஒரு சீனப் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயர், அந்த ஆண்டு 1267. சீனத்திலிருந்து வந்தவர்கள் கட்டியது. அவர் சொல்லும் இடம் நாகப்பட்டினம் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதற்கும் பின்னால், பர்மாவில் பெகு நாட்டு மன்னன் தம்மசேதி இலங்கைக்கு அனுப்பிய பிக்குகள் திரும்பி வரும்போது ஒரு கப்பல் உடைந்து, தப்பித்தவர்கள் கரையேறி நடந்தே நாகப்பட்டினம் வருகிறார்கள். பதரிகாராமம் என்ற பழைய விகாரம் இருந்த இடத்தைப் பார்க்கிறார்கள், சீன தேசத்து மகாராசா ஆணைப்படி கட்டிய குகையில் இருந்த புத்தரை வணங்குகிறார்கள். புத்தரின் பல்லை இலங்கைக்குக் கொண்டுபோன தந்தகுமாரனும் ஏமமாலையும் தங்கிய கடற்கரை அது என்று அவர்களுக்கு நம்பிக்கை. இது தம்மசேதி வெட்டுவித்த கல்யாணிக் கல்வெட்டுகளில் இருக்கிறது, காலம் 1470-களின் கடைசி. விகாரம் இருந்த இடம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள், விகாரம் என்று எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிலை இருக்கிறது, வணங்க இடம் இருக்கிறது, ஆனால் பெரிய கட்டடங்கள் போய்விட்டன அல்லது பாழாகிவிட்டன.

நாகப்பட்டினத்தோடு மட்டும் முடியவில்லை என்பதற்கு இன்னொரு சின்னக் கோயிலையும் சொல்லிவிடுகிறேன், இது நிறையப் பேருக்குத் தெரியாது. கும்பகோணம் கும்பேசுவரர் கோயிலில் 1580-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தது. வாய்க்கால் வெட்டும்போது திருவிளந்துறை புத்தர் கோயிலுக்குச் சொந்தமான நிலம் கொஞ்சம் போய்விட்டது, அதற்கு ஈடாக நிலம் கொடுத்திருக்கிறார்கள். 1580-ல் சோழ நாட்டு உள்பகுதியில் ஒரு புத்தர் கோயிலுக்கு நிலம் இருந்தது, உரிமை கேட்க ஆள் இருந்தது, ஈடு கொடுக்கும் அதிகாரியும் இருந்தார். தேவாரக் காலத்திலேயே தமிழ்நாட்டில் பௌத்தம் அழிந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இந்த ஒரு கல்வெட்டு புரட்டிப் போட்டுவிடும்.

அப்படியானால் ஏன் மறைந்தது? எனக்குத் தெரிந்தவரை முதல் காரணம் கப்பல். ஸ்ரீவிஜயம் 13-ஆம் நூற்றாண்டோடு சிதைந்தது. சீனத்து மிங் அரசர்கள் 15-ஆம் நூற்றாண்டின் பாதியில் தூரக் கடல் பயணங்களை நிறுத்திக்கொண்டார்கள். சுமத்திராவும் மலேயாவும் மெல்ல மெல்ல இஸ்லாத்துக்கு மாறின. நாகப்பட்டினத்து விகாரத்துக்குப் பணமும் பிக்குகளும் வந்துகொண்டிருந்த வழி இப்படி ஒவ்வொன்றாக அடைபட்டது. உள்நாட்டில் சோழர்களுக்குப் பிறகு வந்தவர்கள் ஆனைமங்கலத்து நெல்லைத் தொடர்ந்து விகாரத்துக்கே கொடுத்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. நெல் வராத கோயிலில் விளக்கு எரியாது, அது சிவன் கோயிலானாலும் சரி, புத்தர் கோயிலானாலும் சரி. சைவ, வைணவப் பகை இதில் பங்கு வகிக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை, தேவாரத்தையும் பாசுரங்களையும் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தப் பகை உச்சத்தில் இருந்த காலத்துக்குப் பிறகுதான் இந்த விகாரமே கட்டப்பட்டது, பல நூறு ஆண்டுகள் நடந்தது. ஆகவே முழுப் பழியையும் அதன் மேல் போடக் காலக்கணக்கு இடம் கொடுக்கவில்லை.

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தார்கள், 1658-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1690-ல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் சோழமண்டலக் கரைத் தலைமையிடத்தையே இங்கே மாற்றினார்கள், 1781-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இவ்வளவு காலமும் ஊருக்கு வடக்கே அந்தச் செங்கல் கோபுரம் நின்றுகொண்டே இருந்தது. ஐரோப்பியர்கள் அதைச் சீனா பகோடா என்றார்கள், உள்ளூரில் புதுவெளிக் கோபுரம். யாருக்கும் அது புத்தருடையது என்ற ஞாபகம் இல்லை. செப்பேடுகளும் டச்சுக் காலத்தில்தான் 18-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கடல் கடந்தன, 1862-ல் லைடன் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தன, அதனால்தான் அந்தப் பெயர்.

கோபுரத்தைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்தவர் வால்டர் எலியட், அமராவதிச் சிற்பங்களைத் தோண்டிச் சென்னைக்குக் கொண்டுவந்த அதே அதிகாரி. 1846-ல் அவர் பார்த்தபோது நான்கு பக்கமும் சமமான, 3 நிலை கொண்ட செங்கல் கட்டடம். சுண்ணாம்பு இல்லாமல் செங்கற்களை இழைத்து இழைத்து அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் வாசல் போல் ஒரு திறப்பு. உள்ளே தளங்கள் எல்லாம் விழுந்து, மேலே வானம் தெரிந்தது. பக்கத்து நிலத்தில் சேசு சபையார் கல்லூரி நடத்தி வந்தார்கள். 1856-ல் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய இலுப்பை மரத்தை வெட்டும்போது அடியில் செங்கல் அறைக்குள் 5 புத்தர் சிலைகள் கிடைத்தன, நான்கு உலோகம், ஒன்று பீங்கான். ஒன்றின் பீடத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ ஆகமபண்டிதர் உய்யக்கொண்ட நாயகர்' என்று தமிழ் எழுத்து. அது பின்னாளில் கவர்னர் நேப்பியர் பிரபுவிடம் போனது.

அந்தச் சிலைகள் கிடைத்த மூன்றே ஆண்டில், 1859-ல், கோபுரம் இடிந்து விழும் நிலையில் இருக்கிறது, இடித்துச் செங்கல்லைக் கல்லூரிக் கட்டடத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று பாதிரிமார்கள் அரசாங்கத்துக்கு எழுதினார்கள். எலியட் எதிர்த்தார், பழுது பார்த்துக் காப்பாற்றலாம் என்று சொன்னார், சில ஆண்டு தள்ளிப்போனது. 1867 ஆகஸ்டில் உத்தரவு வந்தது, கோபுரம் போனது. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. அதே இடத்தில் புத்தர் சிலைகள் கிடைத்திருக்கின்றன, இது என்ன கட்டடம் என்று தெரிந்த அதிகாரி ஒருவர் கூடாது என்கிறார், அப்படியும் செங்கல்லுக்காக இடித்தார்கள். எந்த அரசாங்கம் அமராவதிக் கற்களை அருங்காட்சியகத்தில் வைத்ததோ அதே அரசாங்கம்தான் இதற்கும் கையெழுத்துப் போட்டது. யாருக்காக இடித்தார்களோ அந்தக் கல்லூரியும் அந்த ஊரில் நிலைக்கவில்லை, 1883-ல் திருச்சிக்கு மாறிவிட்டது. இன்றைய திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி அதுதான்.

இடிபட்டது சூடாமணி விகாரத்தின் கோபுரமா, 1267-ல் சீனர்கள் கட்டியதா? இதில் அறிஞர்கள் ஒரே கருத்தில் இல்லை. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். வாங் தாயுவான் சொல்வது செங்கல் கோபுரம், ஐரோப்பியர் காலம் முழுக்க ஒட்டிக்கொண்ட பெயர் சீனா பகோடா, பெகு பிக்குகளும் சீன ராஜாவைத்தான் குறிப்பிடுகிறார்கள், எலியட் வரைந்த படத்தில் இருக்கும் வடிவமும் சோழர் கட்டட வகையில் சேராது. ஆகையால் அந்தக் கோபுரத்தின் படத்தைப் போட்டு 'சூடாமணி விகாரம்' என்று பகிர்வதை நான் ஏற்பதில்லை. சூடாமணி விகாரத்தின் உருவத்தைக் காட்டும் படம் எதுவும் நம்மிடம் கிடையாது.

பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதலில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், நாகப்பட்டினத்துப் புத்தர்கள் அங்கேதான் அதிகம், படிமக் கூடத்தில் நடராசரைப் பார்த்துவிட்டு நேரே வெளியே வந்துவிடாமல் சின்னச் சிலைகள் பக்கம் கொஞ்சம் நில்லுங்கள், பீடங்களில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நாகப்பட்டினம் போனால் நீலாயதாட்சி கோயிலில் கடாரத்தார் கொடை சொல்லும் கல்வெட்டுகள் உண்டு. ஆனைமங்கலம் கீழ்வேளூர் பக்கம் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது, செப்பேட்டின் தமிழ்ப் பகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதில் வரும் ஊர்ப் பெயர்களில் எத்தனை இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன என்று அங்கே பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.